எதிர்பார்த்த முகம்

சிதம்பரம் மேல வீதியில் இத்தனை வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன் மேடம், இதுவரை ஒருத்தருக்குக்கூடத் தப்பான பவர் கொடுத்ததில்லை. உங்கள் ஸ்டேஷனிலேயே பாதிப் பேர் என்னிடம் கண்ணாடி போட்டவர்கள்தான். வாசலில் நிற்கிற ஏட்டய்யாவுக்குக் கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் சேர்த்து ஒரே கண்ணாடியாகக் கொடுத்தேன். ஒரு வாரம் படியிறங்கும்போது தடுமாறும், அப்புறம் பழகிவிடும் என்று சொன்னேன். பழகிவிட்டது.

தப்பு எப்படி நடந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம், நான் எங்கேயும் போகப்போவதில்லை.

என் கடையில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம் வேடிக்கைக்குக் காட்டுவது. அதில் ‘சிதம்பபரம்’ என்று பெரிதாக எழுதியிருக்கும், ஒரு ‘ப’ அதிகமாக. அநேகமாக எல்லோரும் அதைச் சிதம்பரம் என்றுதான் படிப்பார்கள். இதில் ஒரு பிழை இருக்கிறது என்று சொன்ன பிறகும் அட்டையைக் கிட்டே வைத்துத் தேடுவார்கள். கண்ணில் கோளாறு இல்லை. கண் இருப்பதை இருக்கிறபடிதான் அனுப்புகிறது. மூளைதான் அதை முழுசாக வாங்கிக்கொள்வதில்லை. இது இன்னதாகத்தான் இருக்கும் என்று முன்னாலேயே ஒரு படம் போட்டு வைத்துக்கொண்டு, கண் கொண்டுவருவது அதற்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் சரி என்று விட்டுவிடுகிறது. கண் அழுத்த நோய் வந்தவர்களுக்கு ஓரத்திலிருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பல பேருக்கு அது தெரியவே தெரியாது. இல்லாத இடத்தையெல்லாம் மூளை தானாகவே நிரப்பிக் கொடுத்துவிடும். சுவர் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே கதவில் இடித்துக்கொள்வார்கள்.

தப்பு என்று நீங்கள் சொல்வது கடலூர் பிணவறையில் நடந்தது. அதற்கு முன்னால் என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கீழே கடை, மாடியில் வீடு. நான், என் மனைவி பவானி, ஒரே மகள் இளமதி. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே என் கடையில் மாட்டியிருக்கிற எழுத்துப் பலகையைப் பார்த்துத்தான் அவள் எழுத்துக் கற்றுக்கொண்டாள். வாடிக்கையாளர் யாராவது கடைசி வரியில் திணறினால் ஸ்டூலில் உட்கார்ந்தபடி இவள் படித்துவிடுவாள். பாப்பா, நீ சொல்லக் கூடாது என்று நான் சொல்வேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எம்.எஸ்ஸி. தாவரவியல் சேர்ந்த பிறகும் சாயந்திரம் வந்தால் அந்த ஸ்டூலில்தான் உட்காருவாள்.

பவானிக்கு வலது தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் இருந்தது. தலை வாரிக்கொள்ள முடியாது. ஒரு கிளினிக்கிலிருந்து பிசியோதெரபிக்கு ஒரு பையனை அனுப்பினார்கள். பெயர் ஆரோக்கியராஜ். கடலூர் பழைய டவுன்காரன். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்து கைக்குப் பயிற்சி கொடுப்பான். அவன் புண்ணியத்தில் பவானி தானே தலை வாரிக்கொண்டாள். நல்ல பையன். நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவன் காபி குடித்த டம்ளரைத் தனியாக வைக்கச் சொன்னதுகூடக் கிடையாது. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

போன வருஷம் ஆனி மாதம். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இளமதி சொன்னாள்.

“அப்பா, நான் ஆரோக்கியத்தக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்.”

நான் குரல் உயர்த்தவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு, “உன் போனக் குடு” என்றேன். நான் அவனோடு பேசப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். சந்தோஷமாக எடுத்து, லாக்கைத் திறந்து, அவன் நம்பரையும் எடுத்து வைத்துக் கையில் கொடுத்தாள். நான் அதை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதுதான் நான் அவளிடமிருந்து கடைசியாக வாங்கிய பொருள்.

மறுநாளிலிருந்து கல்லூரிக்குப் போக வேண்டாம் என்றேன். அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. காடாம்புலியூரில் ஒரு வரன் இருந்தது, முந்திரித் தோப்புக்காரர்கள், அதைப் பேச ஆரம்பித்தேன். அவள் பவானி போனிலிருந்து அந்தப் பையனிடம் பேசியிருக்கிறாள். அவன், “ஒங்கப்பா சம்மதிக்கிற வரைக்கும் பொறுத்திருப்போம்” என்று சொல்லியிருக்கிறான். நானும் பொறு என்றேன், அவனும் பொறு என்றான். ஆடி பிறந்த ஒரு காலையில், பவானி குளித்துக்கொண்டிருந்தபோது, அந்த வருஷப் பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். அவனிடமும் சொல்லவில்லை. கடலூர் பஸ்ஸில் ஏறினதைப் பூக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் எங்கே போனாள் என்று தெரியவில்லை.

புகார் கொடுத்தேன். யார் மேலாவது சந்தேகமா என்று கேட்டார்கள். ஆரோக்கியராஜ் பெயரைச் சொன்னேன். அவன் அவளை மிரட்டியதாகவும் சொன்னேன். அப்போது அது உண்மை மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

பத்து நாளைக்கு அப்புறம் கடலூரிலிருந்து கூப்பிட்டார்கள். கெடிலம் ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு பெண் ஒதுங்கியிருக்கிறாள், மஞ்சள் சுடிதார், அதே வயசு, அதே உயரம் என்றார்கள். பவானியும் காரில் வந்தாள். அவளை வெளியிலேயே உட்கார வைத்தேன். “நீ பாக்காத. அவ சிரிச்ச மொகமே ஒன் மனசுல இருக்கட்டும்” என்றேன். அதில் தப்பு இருக்கிறதா சொல்லுங்கள். எந்தப் புருஷனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

உள்ளே கூட்டிப் போன போலீஸ்காரர் என் தோளில் கை வைத்து, “மனசத் தைரியப்படுத்திக்குங்க சார். ஒங்க பொண்ணுதான்னு நெனைக்கிறோம்” என்றார். பாருங்கள், துணியை விலக்குவதற்கு முன்னாலேயே படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். முகம் முகமாக இல்லை. தண்ணீரும் மீனும் விட்டு வைத்தது கொஞ்சம்தான். மஞ்சள் துணி இருந்தது. நீளமான கூந்தல் இருந்தது. நான் ஆமாம் என்றேன்.

கடலூரிலேயே தகனம் செய்தோம். நான்தான் கொள்ளி வைத்தேன்.

ஆரோக்கியராஜைப் பிடித்துக்கொண்டு போனார்கள். உங்கள் துறையையும் நான் குறை சொல்ல மாட்டேன் மேடம். காணாமல் போன பெண், சாதி மாறிக் காதலித்த பையன், ஆற்றில் ஒரு பிணம். இது மூன்றும் சேர்ந்தால் என்ன கதை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்த கதை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பிணவறையிலேயே, என் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று ஒருத்தர் கேட்டார். பெற்ற அப்பா நேரில் பார்த்து அடையாளம் சொல்லியிருக்கிறார், அப்புறம் எதற்கு என்று இன்னொருத்தர் சொன்னார்.

மேல வீதியில் தகனம் நடந்த அன்றைக்கு எல்லாக் கடையும் பாதிக் கதவு சாத்தியிருந்தது. இளமதி போன அந்தப் பத்து நாளும் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள், இப்போது வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஓடிப்போன பெண்ணுக்காக யாரும் அழ மாட்டார்கள் மேடம். செத்த பெண்ணுக்காக ஊரே அழும். என் அக்கா, வெளியூரிலிருந்து வந்தவள், கூடத்தில் விழுந்து புரண்டு, “தங்கராசு, என் தங்கத்த எவன் கண்ணு பட்டுச்சோ” என்றாள். முந்தின வாரம் இதே அக்காதான் போனில், அவ செத்துத் தொலஞ்சிருந்தாகூடத் தேவலை என்று சொன்னவள்.

ஆவணி கடைசியில் ஒரு மத்தியானம். கடையில் யாரும் இல்லை. புது நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள்.

“அப்பா, நான் இளமதி. கோவமா இருக்கீங்களா?”

எட்டாம் வகுப்பில் அவளோடு படித்த ஜான்சி என்கிற பெண், குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டவள், அவள் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். ஒரு நர்சரித் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். அம்மா கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

நான் சொன்னேன், “என் மக செத்துட்டா. நானே கொள்ளி வெச்சேன்.”

அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, “அவருக்கு போனே போக மாட்டேங்குதுப்பா. அவரும் கோவமா இருக்காரா?” என்றாள்.

“அவன் ஒன்ன எதிர்பாத்துக்கிட்டு இல்ல. இங்க யாருக்கும் போன் பண்ணாத. ஒங்கம்மா தாங்க மாட்டா.”

அந்தப் பேச்சில் ஒரு பொய்கூட இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் நடந்ததுதான். கோபித்துக்கொண்ட அப்பா இப்படித்தான் பேசுவார் என்று அவள் எதிர்பார்த்தாள், அதனால் அவள் காதில் கோபம் மட்டும்தான் விழுந்தது. கண்ணுக்கு மட்டும் இல்லை மேடம், காதுக்கும் அப்படித்தான்.

நீங்கள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அன்றைக்கே வந்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருப்பீர்கள். மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் பவானி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஊர் சாப்பிட்டுப் போயிருந்தது. இதற்குமேல் அதை எப்படிப் பின்னால் இழுப்பது? நானே மாடிக்குப் போய், அந்தப் போட்டோவுக்கு ஒரு முழம் மல்லி வைத்தேன்.

புரட்டாசியில் ஒரு அம்மா கடைக்கு வந்தாள். ராசம்மாள் என்று பெயர், திட்டக்குடிப் பக்கம். அவள் மகள் சுவேதா கடலூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவள், ஆடியிலிருந்து காணோம். எங்கெங்கோ அலைந்து, ஆற்றில் கிடைத்த பெண்ணை யார் வாங்கிப் போனார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒங்க துக்கத்துல வந்து கேக்கறேன். எம்பொண்ணும் மஞ்சச் சுடிதார்தான் போட்டிருந்தா. நெசமாவே அது ஒங்க பொண்ணுதானான்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிடுவேன்.”

உட்காரச் சொன்னேன். போட்டோவைக் கையில் கொடுத்தாள், தலைகீழாக. அவளுக்குக் கிட்டப் பார்வை சரியில்லை என்று தெரிந்தது. நாற்காலியில் உட்கார வைத்துப் பரிசோதித்தேன். ஒவ்வொரு லென்ஸாக மாற்றிக்கொண்டிருந்தபோது அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

“மொத மாசச் சம்பளம் வாங்கினதும் ரெண்டு காதுலயும் மூணு மூணு ஓட்ட போட்டுக்கினா சார். நான் திட்டுனேன். எதுக்குடி சல்லட மாதிரின்னு. ஒங்க பொண்ணுக்கு அப்படி இருந்துச்சா?”

இளமதிக்கு ஒரு காதுக்கு ஒரு துளைதான். பிணவறையில் கூந்தல் ஒதுங்கிக் கிடந்த பக்கம் காது தெரிந்தது. அதில் மூன்று துளை இருந்தது.

எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்கிறார். ஆமாம், பார்த்தேன். பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு. அட்டையில் இருக்கிற அதிகப்படி ‘ப’ கண்ணுக்குள் போகாமலா இருக்கிறது? போகிறது. மூளைதான் தள்ளிவிடுகிறது. அன்றைக்கு அப்படித் தள்ளிவிட்டது என்றுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்த அம்மாவிடம், “காதெல்லாம் பாக்கற நெலமைல இல்லம்மா. ஆனா அது எம்பொண்ணுதான், சந்தேகமே இல்ல” என்றேன். அவள் முகம் தெளிந்தது. என் முன்னால் சந்தோஷப்படக் கூடாது என்று வாயைப் புடவையால் மூடிக்கொண்டாள்.

“அப்ப எம்பொண்ணு எங்கியோ உசுரோட இருக்கா சார்” என்றாள்.

கண்ணாடியைச் சும்மாவே செய்து கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு மகள் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள், இப்போதான் பல்லுகூடத் தெரியுது சார் என்றாள். நிம்மதியாகப் போனாள். அவள் இன்னமும் ஒவ்வொரு ஊர் பஸ் ஸ்டாண்டிலும் மகளைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்வி. சுவேதாவை ஆற்றில் போட்டது யார் என்று யாரும் தேடவில்லை. தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று, ஏனென்றால் கணக்குப்படி அவள் சாகவே இல்லை. அவள் சாம்பலைத்தான் நான் சில்வர் சொம்பில் கொண்டுபோய்க் கடலில் கரைத்தேன்.

ஐப்பசியில் ஆரோக்கியராஜ் ஜாமீனில் வந்தான். அன்றைக்குச் சரியான மழை. கடை வாசலில் நனைந்துகொண்டு நின்றான். நான் உள்ளே வா என்ற பிறகுதான் படி ஏறினான். பாதியாக இளைத்திருந்தான். எப்போதும் சார் என்பவன், அன்றைக்குத்தான் அந்த வார்த்தையைச் சொன்னான்.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்.”

“கேளு.”

“அது அவ இல்லவே இல்லன்னுதான் நான் மொதல்ல சொல்லிக்கிட்டிருந்தேன். எவ்வளவு நாள் அவள நேர்ல பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா. பொணத்தோட போட்டோவத் திரும்பத் திரும்பக் காட்டினாங்க மாமா. இவதான, இவதானன்னு. பாத்துப் பாத்து, இப்ப அது அவ மாதிரியே தெரியுது. கண்ண மூடுனா அவ மொகம் வர மாட்டேங்குது. அந்த மொகந்தான் வருது.”

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தொழில்ரீதியாக அவன் சொன்னது ரொம்பச் சரி. என் அட்டையை நாள் முழுக்கப் பார்த்தால் சரியாக எழுதின சிதம்பரமே பிழை மாதிரித் தெரிய ஆரம்பித்துவிடும்.

“நீங்க நேர்ல பாத்தீங்க. கண்ணப் பத்தித் தெரிஞ்சவரு. நீங்க சொன்னா நான் நம்பறேன். அது அவதானா மாமா?”

மேஜை மேல் என் போன் இருந்தது. அதில் கோயம்புத்தூர் நம்பர் இருந்தது. அவன் கைக்கும் அதற்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கூடு கிடந்தது, அவ்வளவுதான்.

“அவதான்ப்பா” என்றேன்.

தலையை ஆட்டினான். நான் அவனிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. காபி வரவழைக்கட்டுமா என்றுகூடக் கேட்டேன். வேண்டாம் என்றான். “பொறு பொறுன்னு நான்தான் சொன்னேன். சரி வான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அவ இருந்திருப்பா, இல்ல மாமா?” என்று கேட்டான். பவானியின் கை நன்றாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, பயிற்சியை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனான்.

மறுநாள் அவனைச் சொத்திக்குப்பம் பக்கம் கடற்கரையிலிருந்து தூக்கி வந்தார்கள். குற்றவுணர்ச்சி தாங்காமல் செத்துவிட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வழக்கை அதோடு மூடிவிட்டார்கள். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம், சாமி பாத்துக்கிச்சு சார் என்றார்கள்.

பவானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரைக்கும் நிதானமாகச் சொல்லிவிட்டேன். இது கொஞ்சம் கஷ்டம்.

அவளுக்கு மகள் தெரிய ஆரம்பித்தாள். தெருவில் போகிற பெண்ணைப் பார்த்து இளமதி என்பாள். படியில் யாரோ ஏறினால் தட்டை எடுத்து வைப்பாள். “மொகத்த ஒரு தடவ எனக்குக் காட்டியிருக்கலாம்லங்க. பாத்திருந்தா மனசு நம்பியிருக்கும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அவளுக்கு விளக்கினேன். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே நேரத்தில், ஒரே படியில் வந்தவள், அதனால் மூளை அவளை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது, எதிர்பார்த்ததைப் போட்டுக் காட்டுகிறது, பயப்படாதே என்றேன். அப்படித் தெரியும்போது கண்ணை மூடிக்கொள், மெதுவாக மூச்சு விடு, திறக்கும்போது போய்விடும் என்றேன். அவள் படிக்காதவள் இல்லை, ஆனாலும் நான் சொன்னால் நம்புவாள். செய்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் போய்விட்டது.

மார்கழித் தேர் அன்றைக்கு எங்கள் வீதியில் நிற்க இடமில்லை. பவானி மாடி வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் இருந்தேன். தேர் திரும்பி வந்துகொண்டிருந்தபோது அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

“அதோ, பாத்திரக் கடைப் படியில. நம்ம இளமதிங்க.”

பார்த்தேன். இளமதிதான் நின்றுகொண்டிருந்தாள். சிவப்புத் துப்பட்டா, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். இத்தனை கூட்டத்தில் அவள் தேரைப் பார்க்கவில்லை. எங்கள் வராந்தாவைத்தான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் கையைத் தூக்கினாள்.

“கண்ண மூடு பவானி” என்றேன். “நான் சொல்லியிருக்கேன்ல.”

மூடிக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது, ஆனாலும் திறக்கவில்லை. தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன். பெற்ற அம்மா தன்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதைக் கீழேயிருந்து அவள் பார்த்திருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து நான் மட்டும் எட்டிப் பார்த்தேன். அந்தப் படியில் வேறு யாரோ நின்றிருந்தார்கள்.

“போயிட்டாளா?” என்று பவானி கேட்டாள்.

“போயிட்டா” என்றேன்.

அன்றையிலிருந்து தூக்கத்துக்கு மாத்திரை கொடுக்க ஆரம்பித்தேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் இளமதி மனசு கேட்காமல் ஆரோக்கியராஜைத் தேடிக்கொண்டு கடலூர் போயிருக்கிறாள். அவன் அம்மா கதவைத் திறந்து இவளைப் பார்த்ததும் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாளாம். உள்ளே மகன் போட்டோ மாட்டியிருந்திருக்கிறது. தான் செத்துப்போன கதையும், அதற்காக அவன் செத்துப்போன கதையும் அவளுக்கு அந்த வீட்டில்தான் தெரிந்திருக்கிறது. இன்றைக்குக் காலையில் இரண்டு பேருமாக என் வீட்டுக்கு வந்தார்கள்.

நான் ஓடவில்லை. மறைக்கவும் இல்லை. இளமதி என்னைப் பார்க்கவே இல்லை, நேராகப் பவானியிடம் போனாள். பவானி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “அம்மா” என்று கூப்பிட்டாள்.

பவானி நிமிர்ந்து பார்த்தாள். அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக மூச்சு விட ஆரம்பித்தாள்.

இளமதி முன்னால் மண்டிபோட்டு அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். “நான்தாம்மா. நெசமாவே நான்தான். கண்ணத் தொறந்து பாரும்மா.”

பவானி திறக்கவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னாள், “இந்தத் தடவ கை தொடற மாதிரியே இருக்குதுங்க. வாசனகூட வருது. மாத்திர எடுத்துத் தாங்க.”

அப்போது நான் சொன்னேன். “பவானி, கண்ணத் தொற. அவ வந்திருக்கா. நானும் பாக்கறேன்.”

அவள் முகம் மாறியது. நான் பிழைத்துக்கொண்டேன் என்று ஒரு நொடி நினைத்தேன். அவள் கையை நீட்டி, என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, ஒங்களுக்கும் வந்துருச்சா?” என்றாள்.

அந்தக் கையை எடுத்து இளமதி கையில் வைத்துவிட்டு இங்கே நடந்து வந்தேன். வரும்போதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

நீங்கள் இப்போது எழுதச் சொல்லியிருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். துக்கத்தில் தகப்பன் அடையாளம் தவறிச் சொல்லிவிட்டான், அப்புறம் பயத்தில் மறைத்துவிட்டான். படிக்கிறவர்களுக்கு அது சுலபமாக ஒத்துப்போகும். நானும் இத்தனை நாள் அதைத்தான் எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மூளை, எதிர்பார்ப்பு என்று இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொன்னதும் அதுதான். அதெல்லாம் உண்மை. ஆனால் அன்றைக்கு நடந்தது அது இல்லை. முதலில் எழுதினதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

துணியை விலக்கினார்கள். அது என் மகள் இல்லை என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. காதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தெரிந்தது. பெற்றவனுக்குத் தெரியாமல் போகாது. வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் அங்கேயே கைகூப்பிச் சாமியைக் கும்பிட்டிருப்பான்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது மேடம்.